குல்லாவுக்குப் பயந்தவர்கள்

"மலை அவனைக் கூப்பிட்டுக்கிச்சு" என்று காலையிலிருந்து மூன்றாவது ஆள் சொல்லியாகிவிட்டது. முதலில் ரொட்டிக் கடைக்காரர் சொன்னார். பிறகு தபால்காரர், தபாலோடு சேர்த்து இதையும் கொடுத்துவிட்டுப் போனார். மூன்றாவதாக ஃபோனில் சொன்னவர் மலையேறுவோர் சங்கத்தின் தலைவரான பல் டாக்டர். கூப்பிட்டதும் ஓடுவதற்கு என் தம்பி என்ன நாய்க்குட்டியா என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சாவு விழுந்த வீட்டுக்காரி அப்படியெல்லாம் பேசக் கூடாதாம். ஃபோனை வைத்துவிட்டு, குறடால் ஒரு காலணியின் அடிரப்பரைக் கவ்விப் பிடித்து, பல்லைப் பிடுங்குகிற மாதிரி பிடுங்கினாள்.

பாறை ஏறுகிறவர்களின் காலணிக்கு அடி மாற்றுவதுதான் அவள் தொழில். வெப்பக் காற்றை ஊதிப் பழைய பசையை இளக்கி, ரப்பரைப் பெயர்த்து, உப்புத்தாளால் தேய்த்து, பசை பூசிக் காயவிட்டு, புது ரப்பரை ஒட்டிச் சுத்தியலால் தட்டி, ஓரம் சீவிக் கொடுப்பாள். பாறைச் சுவருக்குப் போகிற பாதை தொடங்கும் கடைசித் தெருவில் கடை. உள்ளே பசை நெடி பாதி, கால் நெடி பாதி. பாறை ஏறுகிறவர்கள் அந்தக் காலணிக்குள் காலுறை போடுவதில்லை. வீரம் எப்படி மணக்கும் என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால் அந்தக் கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்கலாம். அவளும் ஒரு காலத்தில் ஏறினவள்தான். முழங்கால் கெட்டபின் விட்டுவிட்டாள். வீட்டிலிருந்து ஏறுவதற்குக் கணவன் இருந்தான், தம்பி இருந்தான். இப்போது கணவன் மட்டும் இருந்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான்கு பேர் புனலில் ஏறினார்கள். பாறைச் சுவரின் நடுவே மேலே அகன்று கீழே குறுகி வருகிற பெரிய இடுக்குக்குப் புனல் என்று பெயர். மேலே மழை பெய்து மண் ஊறினால், பிடி தளர்ந்த கற்களெல்லாம் அதன் வழியாகத்தான் கீழே வரும். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. பல் முளைத்த பிள்ளைக்கும் தெரியும். மேலே கறுத்திருந்தால் புனல் பக்கம் தலை வைத்தும் படுக்காதே என்பது ஊரில் பால பாடம். அன்றைக்கு மேலே கறுத்துத்தான் இருந்தது. கணவன் முதலில் ஏறி மேல் விளிம்பை எட்டிவிட்டான். தம்பி நடு இடுக்கில் இருந்தபோது கற்கள் வந்தன. தலைக்கவசம் சின்னக் கல்லுக்குத்தான். அம்மிக்கல் அளவு வந்தால் அது என்ன செய்யும்?

ஆறின துயரம் வேறு, ஆறாத துயரம் வேறு. அவளுடையது துயரமே இல்லை, கோபம். அழ உட்கார்ந்தால் அழுகை வராமல் பல் கடிபட்டது. யார் மேல் கோபம் என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அன்று கயிற்றில் இருந்த மின்வாரியக்காரன். கம்பத்தில் ஏறுவது வேலை, பாறையில் ஏறுவது விடுமுறை. அவள் கணவனை அண்ணன் என்பான், அவளை அண்ணி என்பான்.

"அண்ணி, என் ஷூ ஆயிடுச்சா? ஞாயித்துக்கிழமை வேணும்."

"ஞாயித்துக்கிழமை என்ன?"

அவன் தலையைச் சொறிந்தான். "தலைவர் சொல்லலையா? தம்பி நினைவா எல்லாரும் புனல்ல ஏறி, மேல அவன் பேர் போட்ட தகடு பதிக்கிறோம். அண்ணன்தான் முன்னால ஏறறாரு."

வீட்டில் அண்ணன் இதைச் சொல்லவில்லை. அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். வெளியே மூன்று நாளாக மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மலையின் மேல்பாதி மேகத்துக்குள் இருந்தது.

"அன்னைக்கும் மேல இப்படித்தானே இருந்துச்சு?" என்றாள்.

"ஆமா."

"உனக்குத் திரும்பலாம்னு தோணவே இல்லையா?"

அவன், யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் போலக் கொட்டிவிட்டான். "தோணுச்சு அண்ணி. புனலுக்குக் கீழ ஒரு திட்டு இருக்குல்ல, அங்க கயிறு மாட்டும்போது சின்னச் சின்னக் கல்லா வந்து விழுந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"உங்க தம்பி சொல்வான்னு நினைச்சேன். குல்லா அவன்கிட்டதானே இருந்துச்சு. இன்னொரு தடவை சொன்னா அவனுக்குப் புதுசா என்ன போயிடப் போகுது?"

குல்லாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சங்கம் கண்டுபிடித்த மகா தத்துவம் அது. எப்போதோ ஒரு குழு உச்சிக்குப் பக்கம் வரை போய் மழையால் திரும்பி வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர்களைச் சிரிக்க வைக்கப் பல் டாக்டர், 'திரும்பலாம்' என்று முதலில் சொன்னவன் தலையில் ஒரு ரோஸ் நிறக் கம்பளிக் குல்லாவை மாட்டிவிட்டார். தாடைக்குக் கீழே முடிச்சுப் போடுகிற, கைக்குழந்தைக்குப் போடுகிற ரகம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்றோடு அதை அடுப்பில் போட்டிருந்தால் ஒரு குறையும் இல்லை. விளையாட்டு வழக்கமாயிற்று, வழக்கம் சட்டமாயிற்று. முதலில் 'திரும்பலாம்' என்கிறவர் அதைப் போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்து வர வேண்டும். சங்கச் சுவரில் படம் ஒட்டுவார்கள். அடுத்த ஆள் சொல்கிற வரை குல்லா அவருடையது. ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு முறை சொல்லிவிட்டால் படத்துக்குச் சட்டம் போட்டுவிடுவார்கள். பிறகு அது ஆயுளுக்கும் இறங்காது.

தம்பி அதற்கு முந்தின ஏற்றத்தில் 'திரும்பலாம்' என்று சொல்லியிருந்தான். அதனால் புனலுக்குப் போன அன்றைக்குக் குல்லா அவன் பையில் இருந்தது.

"அவனுக்கு என்ன போயிடப் போகுதா?" என்று அவள் கேட்டாள். குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை. "சட்டம் போட்ட படம்டா. கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்துட்டு இருந்தோம் அவனுக்கு. கடைத்தெருவுல சின்னப் பசங்க 'குல்லா, குல்லா'ன்னு கூப்பிட்டானுங்க. அவன் வாயைத் திறப்பான்னு நீ காத்துட்டு இருந்தியா?"

அவள் காலணியைக் கொடுக்கவில்லை. பசை காயவில்லை என்று பொய் சொல்லி அனுப்பினாள்.

மதியம் அவளே பாங்குக்குப் போனாள். அன்று கயிற்றில் இருந்த இன்னொருத்தி அங்கே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள். சின்னப் பெண், சங்கத்தில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. சாப்பாட்டு நேரம். பின்கட்டில், பழைய நாற்காலிகள் அடுக்கிக் கிடந்த இடத்தில் நின்று பேசினார்கள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும்" என்றாள். "எங்க வச்சு உனக்குத் திரும்பணும்னு தோணுச்சு?"

பெண்ணின் கண் உடனே நிறைந்துவிட்டது. "ஓடையிலயே, அக்கா. கீழ ஓடையைத் தாண்டும்போதே தண்ணி கலங்கலா வந்துச்சு. மேல நல்லாப் பெய்யுதுன்னு அர்த்தம். நான் அண்ணனைப் பார்த்தேன், அண்ணன் என்னைப் பார்த்தார்."

"அண்ணன்" என்றது தம்பியை.

"அவன் என்ன சொன்னான்?"

"மெதுவா எங்கிட்ட வந்து, 'நீ சொல்லேன், நான் ஏற்கெனவே குல்லாக்காரன்'னார். நான்..." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நான் சொன்னா 'பொம்பளைப் புள்ளையைக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான்'னு சொல்வாங்க, நீங்களே சொல்லுங்கண்ணேன்னேன். அவர் குல்லாவை எடுத்துத் தலையில வச்சு ஒரு மூஞ்சி காட்டினார். நான் சிரிச்சுட்டேன் அக்கா. ரெண்டு பேரும் சிரிச்சோம். அப்புறம் போயிட்டோம்."

அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். வார்த்தைகளை வழியெல்லாம் தீட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்தப் பெண்ணின் மூக்கு நுனி சிவந்திருந்ததைப் பார்த்ததும் தீட்டினதெல்லாம் வீணாயிற்று. "போய்ச் சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். தெருவில் நடக்கும்போது கோபம் குறையவில்லை, இடம் மாறியது.

வீட்டில் கணவன் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். இரண்டு வாரமாக இருவரும் உப்பு, சாவி, விளக்கு என்று பொருள்களைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டார்கள். தம்பியின் கயிறு மறுமுனையில் இவன் இடுப்பில் கட்டியிருந்தது. கற்கள் வந்தபின்னும் இவன் அதை விடவில்லை, மணிக்கணக்காகப் பிடித்துக்கொண்டு கிடந்தான், உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது என்றெல்லாம் ஊர் மெச்சிக்கொண்டது. அவளுக்கும் அது தெரியும். அந்தக் கையைப் பார்த்தபோது பாவமாகவும் இருந்தது, அதைத் தொடப் பிடிக்காமலும் இருந்தது.

"ஞாயித்துக்கிழமை புனல்ல ஏறப் போறீங்களாமே."

அவன் குழாயை மூடினான். "சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எப்ப? மேலேர்ந்து இறங்கினப்புறமா? இல்ல, உங்களை நாலு பேர் இறக்கினப்புறமா?"

"அவனுக்காகப் போறோம்."

"அவன் கேட்டானா?" அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "மத்த ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டேன். ஒருத்தனுக்குத் திட்டுல தோணிச்சாம். ஒருத்திக்கு ஓடையிலயாம். உங்களுக்கு எங்கன்னு சொல்லுங்க."

அவன் ஈரக் கையைத் துணியில் துடைத்தான். துடைத்து முடித்த கையை மறுபடியும் துடைத்தான்.

"நம்ம வாசல்லயே" என்றான்.

அவளுக்கு முதலில் புரியவில்லை.

"காலையில கதவைத் திறந்ததும் மேல பார்த்தேன். இன்னைக்கு ஆகாதுன்னு தோணிடுச்சு. ஷூவுக்கு நாடா கட்டிக்கிட்டே, யாராவது சொல்லட்டும்னு நினைச்சேன். வழியில உன் தம்பி கேட்டான், 'மாமா, நீங்க என்ன நினைக்கிறீங்க?'னு. 'நீ என்னடா நினைக்கிறே?'ன்னு நான் திருப்பிக் கேட்டேன். அவன் ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் சொல்லல."

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவன் அந்தக் குல்லாவை ஒரு முறைகூடப் போட்டதில்லை. சங்கத்தில் அப்படி இருந்தவன் அவன் ஒருவன்தான். பல் டாக்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவனை அப்படித்தான் அறிமுகப்படுத்துவார். பிறந்த நாளிலிருந்து தலைமுடியே வெட்டாதவனைக் காட்டுவது போலப் பெருமை.

அவள் எழுந்தாள். மேசையில் கழுவிக் கவிழ்த்திருந்த எவர்சில்வர் குவளையை எடுத்துச் சுவரில் அடித்தாள். அது உடைகிற சாமான் இல்லை, சத்தம் போட்டுக்கொண்டு உருண்டு போய் அடுப்படியில் நின்றது. உடையாத சாமானாகப் பார்த்து எடுத்தோமே என்று அதற்கும் ஆத்திரம் வந்தது.

"நாலு பேரு! நாலு பேருக்கும் திரும்பணும்னு தோணிச்சு. நாலு பேரும் மேல போனீங்க. ஒருத்தன் வேணாம்னு சொல்லி இன்னொருத்தன் கேட்காம இருந்தாக்கூட மனசு ஆறும். யாருக்குமே வேண்டாத இடத்துக்கு எல்லாருமாச் சேர்ந்து போயிருக்கீங்களே, அதுக்கா என் தம்பி செத்தான்? ஒரு கம்பளித் துணிக்கா?"

"சத்தம் போடாதே."

"போடுவேன். நீங்க போட்டிருக்க வேண்டிய சத்தம் இது."

அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அவள் மூச்சு வாங்கி நின்றாள். பிறகு ஒரு நப்பாசையில் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை போக வேணாம்னு இப்ப தோணுதா, இல்லையா?"

"தோணுது."

"அப்ப போகாதீங்க."

"நான் போகலன்னா என்ன சொல்வாங்க? சொந்த மச்சான் நினைவுக்கு வரலைன்னு..." அவன் முடிக்கவில்லை. முடிக்காவிட்டால் என்ன, அவளுக்கு முழுவதும் கேட்டுவிட்டது.

வெள்ளிக்கிழமை மாலை சங்கத்தில் இரங்கல் கூட்டம். ஒரு காலத்தில் கிடங்காக இருந்த கூடம். ஆணிகளில் கயிறுகள் வண்ண வண்ணமாகத் தொங்கின. மடக்கு நாற்காலிகள் நிறைந்து, பின்னால் சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். பக்கச் சுவர் முழுக்க ரோஸ் குல்லாப் படங்கள். அதை மறைக்க வேண்டும் என்றுகூட ஒருவருக்கும் தோன்றவில்லை. மேசைமேல் பூக்களுக்கு நடுவில் தம்பியின் பெரிய படம்.

அவள் அதை உற்றுப் பார்த்தாள். சிரித்த முகம்தான். ஆனால் படம் நெற்றியோடு நறுக்கியிருந்தது. தாடைக்குக் கீழே ரோஸ் நிறத்தில் ஒரு முடிச்சு தெரிந்தது. அவன் குல்லாப் படத்தையே எடுத்துக் குல்லாவை வெட்டிவிட்டு வைத்திருந்தார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் வீட்டில் நூறு படம் இருந்தது.

பல் டாக்டர் பேசினார். நல்லவர், ஊரில் பாதிப் பேருக்குக் காசு வாங்காமல் பல் கட்டிவிட்டவர். குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. "மலைக்கு யார்மேலும் பகை கிடையாது. அது விரும்பறவங்களைத் தன்கிட்ட வச்சுக்குது. ஞாயித்துக்கிழமை நாம எல்லாரும் அவன் நின்ன இடத்துல நிக்கப் போறோம். அவனோட மாமா முன்னால ஏறுவார்" என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. தலையசைத்தவர்களில் பாதிப் பேர் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள், பிறகு காலைப் பார்த்தார்கள்.

அதைப் பார்த்ததும் அவளுக்கு அடக்க முடியவில்லை.

"இப்பதான் பார்த்தேன்" என்று எழுந்தாள். "இப்ப, இந்த நிமிஷம், எல்லாரும் பண்ணினீங்களே, அதைத்தான் அன்னைக்கும் பண்ணியிருக்கீங்க."

"உட்காரும்மா" என்றார் டாக்டர் மெதுவாக. "உன் நிலைமை எங்களுக்குப் புரியுது. துக்கத்துல..."

"எனக்குத் துக்கம் இல்ல டாக்டர். கோபம். ரெண்டும் வேற." முழங்கால் வலித்தது, முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "மலை அவனைக் கூப்பிடலை. மலை விரட்டிச்சு. ஓடையில கலங்கின தண்ணியை விட்டு விரட்டிச்சு. திட்டுல சின்னக் கல்லைப் போட்டு விரட்டிச்சு. கதவைத் திறந்ததுமே கறுத்துக் காட்டிச்சு. அது நாயை விரட்டற மாதிரி விரட்டியிருக்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! நாலு பேருக்கும் திரும்பணும்னு தோணியிருக்கு. எங்கிட்ட அவங்களே சொன்னாங்க. ஒருத்தரும் வாயைத் திறக்கல. சாவுக்குப் பயப்படல அவங்க. உங்க சுவருக்குப் பயந்தாங்க."

கை நீட்டிச் சுவரைக் காட்டினாள். ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. மின்வாரியக்காரன் தரையைப் பார்த்தான். பாங்குப் பெண் கைக்குட்டையை வாயில் வைத்திருந்தாள்.

"அது சும்மா தமாஷுக்கு வச்சதும்மா" என்றார் டாக்டர். முகம் வெளுத்திருந்தது. "யாரையும் கட்டாயப்படுத்தினதே இல்லையே."

"இல்லதான். யாரும் யாரையும் எதுவும் பண்ணல. அவன் மட்டும் செத்துட்டான்."

அவள் பெருமூச்சு விட்டாள். அழுதுவிடுவாள் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது, முன்வரிசையில் ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அவள் வாங்கவில்லை.

"சரி. போனதைப் பேசிப் பயனில்ல. நாளான்னைக்கு நடக்கப் போறதைப் பேசுவோம். இந்த வாரம் பூரா மேல மழை. புனல்ல இப்ப என்ன இருக்கும்னு எனக்குத் தெரியும், உங்க எல்லாருக்கும் தெரியும். ஞாயித்துக்கிழமை வேணாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை.

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவள் முழங்கால் போனபோது முறை வைத்துச் சோறு கொண்டுவந்தவர்கள். தம்பியை அந்த இருட்டிலும் மழையிலும் கீழே இறக்கிக் கொண்டுவந்தவர்கள். உயிரைக் கொடுப்பார்கள், ஒரு கையைத் தூக்கமாட்டார்கள். அத்தனை பேரும் பக்கத்து ஆளின் கைக்காகக் காத்திருந்தார்கள்.

அப்போது அவள் பக்கத்து நாற்காலியில் ஏதோ அசைந்தது. கணவன். உள்ளங்கைத் தோல் உரிந்த வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கியிருந்தான். முழுவதும் தூக்கக்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் விடை தெரியாத பையன் தூக்குவது போல அரைகுறையாக.

"நான் வரல" என்றான். "வேணாம்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

பெரிய சிரிப்பில்லை. க்ளுக்கென்று ஒன்று. கேலி செய்ய வேண்டும் என்று சிரித்ததுகூட இல்லை. பழக்கம், அவ்வளவுதான். குல்லாப் படமாகச் சுவரில் ஏறாத ஒரே ஆள் கடைசியில் சிக்கிக்கொண்டான் என்று, யோசிப்பதற்கு முன்னால் தொண்டை சிரித்துவிட்டது. சிரித்தவர் உடனே இருமி மறைத்தார். ஆனால் கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது, அவனுக்கும் கேட்டுவிட்டது. காது சிவந்தது. அந்தக் கை இறங்கத் தொடங்கியது.

அவள் எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். தம்பி செத்த நாளிலிருந்து அவனைத் தொடாதவள், குறடு பிடித்துப் பழகின விரல்களால் எலும்பு வலிக்கப் பிடித்தாள். அன்பு ஒன்றும் இல்லை அதில். மன்னிப்பும் இல்லை. பிடித்த கையை அவன் தலைக்கு மேலே, முழு உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினாள்.

"சிரிங்க" என்றாள். "இன்னும் நல்லாச் சிரிங்க. இந்தக் கை இறங்காது."